தையற்கலைக்கு ஏற்ற ஏடுகள்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் ‘குவில்ட்’ கலையைப் பயில ஏற்ற பத்திரிகை எதுவென அங்கத்தினர் சிலர் நம்மை வினவுகின்றனர். தையலுக்கு விடவேண்டிய கால் அங்குலம் மாதிரியின் அளவில் அடங்குமா, அடங்காதா என்று தெளிவாகக் கூறும் பத்திரிகையே நல்லது. கூறாதது துணியைப் பாழாக்கும்.

அமெரிக்காவில் ‘கான்சாஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழ் 1928 முதல் 1961 வரை போர்வை மாதிரிகளை வெளியிட்டது. பெண்கள் அவற்றைக் கத்தரித்துப் பாதுகாத்தனர். பின்னர் அவை நூல்களாகவும் வெளிவந்தன. 1969-இல் தோன்றிய ‘குவில்டர்ஸ் நியூஸ்லெட்டர்’ 2016-இல் நின்றுபோயிற்று. ஆயினும், அதன் பழைய பிரதிகள் இன்றும் பாடம் புகட்டவல்லவை.

இவற்றைத் தனியொருவர் வாங்கிச் சேர்ப்பது அரிது. ஆகவே, சங்கமே வாங்கி வாசகசாலையில் பேணுதல் வேண்டும் என்பது நம் கருத்து. விற்பனையில் கூட்டுறவு கண்ட நாம் கல்வியிலும் அதனைக் காணவேண்டாமா?