ஊட்டி விதைக்கிழங்கு தாளவாடிக்கு வேண்டாம்

"எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம், கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. ஐப்பசியில் உருளைக்கிழங்கு போட ஆசை. என் மச்சான் ஊட்டி பக்கம் இருக்கிறார். விதைக்கிழங்கு ஒரு மூட்டை சும்மாவே தருகிறேன் என்கிறார். எடுத்து வந்து போடலாமா? எந்த ரகம் நல்லது?" என்று தாளவாடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ரகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த மூட்டை வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிடுங்கள். அவர் அன்பாகத்தான் தருகிறார், சந்தேகமில்லை. ஆனால் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோக சட்டப்படி தடை இருக்கிறது. பல பத்தாண்டுகளாக இருக்கும் தடை இது. காரணம், முட்டைக்கூடு நூற்புழு. 1961-ல் நீலகிரியில்தான் நம் நாட்டில் முதன்முதலாக அதைக் கண்டுபிடித்தார்கள். பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு உருண்டு, செத்த பிறகு அதன் உடம்பே ஒரு கெட்டியான கூடாகிவிடும். குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கின் வேரிலிருந்து கசியும் நீர் பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரிக்கும். அதுவரை மண்ணிலேயே தூங்கும். இருபது வருடம்கூடக் காத்திருக்கும். மருந்து ஊற்றி ஒரே வருடத்தில் விரட்டிவிடக்கூடிய ஜீவன் இல்லை.

கிழங்கில் ஒட்டியிருக்கும் ஒரு கைப்பிடி மண் போதும், அது ஊர் மாறிவிடும். கழுவி எடுத்து வருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். கண்களின் குழிக்குள்ளும் சாக்கின் தையலுக்குள்ளும் இருப்பதை யார் கழுவுவது? நல்ல வெயில் அடிக்கும் சமவெளி மண்ணில் இந்தப் புழு நிலைப்பது கடினம், உண்மைதான். ஆனால் தாளவாடி அப்படி இல்லை. மேட்டு நிலம், குளிர்ச்சி, அக்கம்பக்கத்தில் உருளைக்கிழங்கையே நம்பி இருக்கும் குடும்பங்கள். உங்கள் மூன்று சென்ட்டில் வந்தது மண்வெட்டியிலும் மாட்டுக் குளம்பிலும் ஏறிப் பக்கத்து ஐந்து ஏக்கருக்குப் போக அதிக நாள் ஆகாது. சும்மா கிடைத்த மூட்டைக்கு விலை கொடுப்பது அவர்கள்.

இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு-காஷ்மீர் மலைகளிலும் இதே புழு தெரிந்து, 2018-ல் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை போட்டது. ஆகவே 'சிம்லா விதை' என்று யாராவது ஆசை காட்டினாலும் வாங்க வேண்டாம்.

அப்படியானால் எங்கே வாங்குவது? பஞ்சாப் சமவெளி விதைதான் உங்களுக்குப் பொருத்தம். ஹாசன் பக்கத்து விவசாயிகள் ஜலந்தர் வட்டாரத்து விதையைத்தான் காலங்காலமாக நம்பி நடுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. உருளைக்கிழங்கு விதையாலேயே கெடும் பயிர். இலைச் சுருட்டை, தேமல் போன்ற நச்சுயிரி நோய்களை அசுவினி பரப்பும். செடியில் ஏறிய நோய் கிழங்குக்குள் இறங்கி, அடுத்த நடவிலும் தொடரும். பஞ்சாபில் குளிர்காலத்தில் அசுவினி குறைவு. அக்டோபரில் நட்டு, அசுவினி பெருகுவதற்கு முன்பே தழையை வெட்டிவிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளேயே தோல் முற்ற விட்டு எடுப்பார்கள். அதனால் நோய் குறைந்த விதை கிடைக்கிறது. நாமே எடுத்த கிழங்கைத் திரும்பத் திரும்ப நட்டால் மூன்றாவது, நான்காவது நடவில் கோலிக்குண்டுதான் மிஞ்சும். வீட்டுத் தோட்டக்காரர்கள் 'மண் செத்துப்போச்சு' என்று என்னிடம் சொல்வதில் பாதி, விதை செத்த கதை.

மூன்று சென்ட்டுக்கு எவ்வளவு வேண்டும்? பாருக்குப் பார் 2 அடி, கிழங்குக்குக் கிழங்கு 8 அங்குலம் என்றால் சென்ட்டுக்குச் சுமார் 325 கிழங்கு. ஒவ்வொன்றும் 40 முதல் 50 கிராம், அதாவது கோழிமுட்டை அளவு. சென்ட்டுக்கு 13 முதல் 16 கிலோ, மூன்று சென்ட்டுக்கு 40 முதல் 48 கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் சென்ட்டுக்கு 60 முதல் 80 கிலோ எடுக்கலாம். இந்த அளவுக்குத் தனியாக அலைய வேண்டாம். பக்கத்தில் பெரிய அளவில் நடுபவர்கள் விதை இறக்கும்போது அவர்களோடு ஒரு மூட்டை சொல்லி வையுங்கள். மூட்டையில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை என்றால் ஆதார விதை, நீலம் என்றால் சான்று விதை. அட்டையே இல்லாமல் சமையல் கிழங்கில் பொடியைப் பொறுக்கி 'விதை' என்று விற்பதும் நடக்கிறது. ரசீது கேட்டால் முகம் மாறும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

இப்போது ரகம். உருளைக்கிழங்கு ரகங்களில் பெரும்பாலானவை 'குப்ரி' என்றுதான் தொடங்கும். அது நிறுவனப் பெயரோ கம்பெனிப் பெயரோ இல்லை. சிம்லாவுக்கு அருகில் உள்ள ஓர் ஊர். அங்கேதான் செடி நன்றாகப் பூத்துக் காய்க்கும் என்பதால் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் ஒட்டுச் சேர்க்கும் வேலையை அங்கே செய்தார்கள். தாளவாடிக்கு குப்ரி ஜோதி பழகிய ரகம். 1968-ல் வந்தது. வாய்க்கு நல்ல ருசி, சந்தையும் கேட்கும். ஆனால் கருகல் நோயைத் தாங்கும் சக்தி முன்பு இருந்த அளவு இப்போது அதற்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகமும் பனியும் சேர்ந்து நான்கு நாள் நின்றால் இலையடியில் வெள்ளைப் பூசணம் தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். சீக்கிரம் எடுக்க வேண்டுமென்றால் குப்ரி புக்ராஜ், 80, 90 நாளில் வந்துவிடும். கிழங்கு பெரிதாக இருக்கும், ஆனால் நீர்ச்சத்து அதிகம். வறுவலுக்கும் நீண்ட நாள் வைப்பதற்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். மூன்றில் இரண்டு பங்கு ஜோதி, ஒரு பங்கு புக்ராஜ் போட்டால் மார்கழிக் கடைசியில் குழம்புக்கும், மாசியில் மூட்டைக்கும் ஆகும்.

விதையை வாங்கியதும் நட்டுவிடாதீர்கள். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்தது என்றால் நிழலில் பரப்பி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் 10 முதல் 15 நாள் வையுங்கள். குட்டையாக, தடியாக, பச்சையும் ஊதாவும் கலந்த முளை வர வேண்டும். இருட்டில் வரும் வெள்ளை நூல் முளை நடும்போதே ஒடிந்துவிடும். பச்சை ஏறிய கிழங்கு விதைக்கு நல்லது, வாய்க்கு ஆகாது. வெட்டாமல் முழுதாக நடுங்கள். ஒரு கிழங்கில் வாடல் நோய் இருந்தால் அதை வெட்டிய கத்தி அடுத்த ஐம்பது கிழங்குக்கும் கொடுத்துவிடும். இன்னொன்று, வீட்டில் உள்ள பெண்களிடம் அவசியம் சொல்லிவிடுங்கள்: விதைக்கிழங்கை மருந்தில் நனைத்துச் சேமிப்பது வழக்கம். நட்டது போக மிச்சம் இருந்தால் குழம்பில் போட வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து வாசகி ஒருவர்: "தேயிலைக்கு ஓரமாக ஒரு துண்டு இடத்தில் உருளை, தக்காளி, கத்தரி என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். இரண்டு வருடமாக உருளைச் செடி திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது, பகலில் வாடுகிறது. உரம் போட்டும் தேறவில்லை. ரகத்தை மாற்றினால் சரியாகுமா?"

அம்மா, பயிர் மாற்றுகிறோம் என்று நினைத்து நீங்கள் அதே புழுவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் தாயாதிகள். மூன்றின் வேரிலும் முட்டைக்கூடு நூற்புழு வாழும். பூக்கும் சமயத்தில் குட்டையாக நிற்கும் செடி ஒன்றைப் பிடுங்காமல், மண்வெட்டியால் மண்ணோடு அள்ளி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரில் கடுகைவிடச் சிறிய மணிகள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒட்டியிருந்தால் அதுதான். அலசிய தண்ணீரைப் பக்கத்துப் பாத்தியில் கொட்ட வேண்டாம். உறுதி செய்துகொள்ள அரைக் கிலோ மண்ணை ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப் போங்கள்.

ரகம் மாற்றுவது உதவும். 1985-ல் வந்த குப்ரி சுவர்ணா இந்தப் புழுவைத் தாங்குவதற்காகவே நீலகிரிக்கு வந்த ரகம். அதற்குப் பிறகு குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி வந்தன. இவை இரண்டும் புழுவோடு கருகலையும் தாங்கும். கிடைத்தால் இவற்றில் ஒன்றைப் போடுங்கள். தாங்கும் ரகத்தின் வேரில் புழு நுழைந்தாலும் பெருக முடியாது, அதனால் மண்ணில் எண்ணிக்கை இறங்கும். ஆனால் ரகத்தை மட்டும் நம்பி வருடா வருடம் உருளையே போட்டால், அதையும் மீறும் புழு மெல்லத் தலையெடுக்கும். ஒரு போகம் உருளை போட்டால் அடுத்த இரண்டு, மூன்று போகம் பூண்டு, கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் என்று வையுங்கள். தக்காளியையும் கத்தரியையும் வேறு மூலைக்கு மாற்றுங்கள். தானாக முளைக்கும் விட்டுப்போன உருளைச் செடியை இரக்கப்பட்டு விடாமல் பிடுங்கிவிடுங்கள். உங்கள் பக்கம் சித்திரை நடவு, ஆவணி நடவு என்று இரண்டு பட்டம் உண்டு. முதல் முறை தாங்கும் ரகத்தைச் சித்திரையில் பாதி இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

விழுப்புரத்திலிருந்து வந்த கேள்வி சிறியது: "கடையில் வாங்கிய கிழங்கு முளைத்துவிட்டது. பையில் நட்டால் வருமா?"

செடி வரும். கிழங்கு வருமா என்பது இரவைப் பொறுத்தது. இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலான ரகங்கள் தழையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். குப்ரி சூர்யா வெப்பத்தைக் கொஞ்சம் தாங்கும். கார்த்திகையில் நட்டால் பை ஒன்றுக்கு ஒருவேளைப் பொரியலுக்குக் கிடைக்கலாம். பிள்ளைகள் தோண்டிப் பார்க்க ஆசைப்பட்டால் நடுங்கள். அடுப்பங்கரைக்குக் கிழங்கு வேண்டுமென்றால் அந்த இடத்தில் சேம்போ சர்க்கரைவள்ளியோ வையுங்கள். சர்க்கரைவள்ளிக் கொடி ஒரு முழம் கிடைத்தால் போதும், விதைச் செலவே கிடையாது.