வாயைக் கட்டினால் போதுமா?

கல்யாணப் பந்தியில் இலை முன் உட்கார்ந்திருக்கும் பருத்த பெண்ணிடம், "கொஞ்சம் வாயைக் கட்டும்மா" என்று சொல்ல நம் ஊரில் யாரும் தயங்குவதில்லை. சொல்வது சொந்தப் பெரியம்மாவாக இருக்கலாம், முன்பின் தெரியாத பக்கத்து இலைக்காரராகவும் இருக்கலாம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பருத்த உடம்பு மனத்திடம் இல்லாதவரின் அடையாளம்; வாயைக் கட்டினால் எடை இறங்கும்; இறங்கிய எடை மறுபடி ஏறினால் அது அவர் செய்த குற்றம். இந்தத் தீர்ப்பு தவறு. பலரை நோகடிக்கும் தவறு.

எல்லாம் மனத்திடம்தான் என்பவர்கள் 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வை அறிய வேண்டும். அதில் பங்கேற்ற 36 இளைஞர்களும் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். போரால் பட்டினி கிடந்த மக்களை மீட்கும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகத் தாங்களாகவே பசியை ஏற்றவர்கள். இவர்களுக்கு மனத்திடம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 24 வாரங்கள், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. கூடவே மனமும் குலைந்தது. பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் சாப்பாடாயிற்று. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை ஆசையோடு படித்தார்கள். பட்டினி முடிந்து வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு பழைய அளவையும் தாண்டி ஏறியது.

கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று நாம் பார்க்கும் முகூர்த்தத் தேதி உடம்புக்குத் தெரியாது. பஞ்சம் மட்டுமே தெரியும். சாப்பாடு சட்டென்று குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டதென்று அது தன்னைக் காத்துக்கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்கும். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் டயட்டுக்கு ஓராண்டு கழித்தும் இந்த மாற்றங்கள் சீராகவில்லை. 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். சராசரியாக 58 கிலோ இழந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழிக்கும் சக்தியோ, இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது.

இதையெல்லாம் சொல்லாமல்தான் '30 நாளில் 10 கிலோ' என்று விளம்பரம் செய்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளில் என்றால் நாளுக்கு 2,500க்கும் மேல். வீட்டு வேலையும் அலுவலக வேலையுமாக இருக்கும் ஒரு பெண்ணின் உடல் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே பெரும்பாலும் அவ்வளவு இராது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாலும் அத்தனை கொழுப்பு கரையாது. எடைக்கருவியில் இறங்குவதில் பெரும்பங்கு நீரும் தசையும்தான். காசு வாங்கியவர்கள் போய்விடுவார்கள். எடை திரும்பும்போது பழி மட்டும் அந்தப் பெண்ணின் தலையில் விழும்.

அப்படியானால் உடம்பை அதன் போக்கில் விட்டுவிடலாமா? கூடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சர்க்கரை நோயும் இதயநோயும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தடுக்கத் தலைகீழ் மாற்றம் தேவையில்லை. 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வின் இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். 80 கிலோ உள்ளவருக்கு அது ஐந்தரைக் கிலோ. அதற்கே புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உணவையும் நடையையும் சீர்செய்தவர்களின் எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. எடைக்கருவியின் முள் அசையாதபோதும் உடம்பு நலம் பெறுகிறது என்பதை நம் ஊர் ஆய்வே காட்டிவிட்டது.

ஆகவே எதைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வி போதும்: இதை அடுத்த ஆடியிலும், அதற்கடுத்த ஆடியிலும் செய்துகொண்டிருக்க முடியுமா? சோற்றை அடியோடு விட முடியாது. ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் கீரையும் சுண்டலும் வைக்கலாம். நாலு வேளைத் தேநீருக்கு இரண்டிரண்டு கரண்டி போட்ட சர்க்கரையை ஒவ்வொன்றாக்கலாம். மீந்ததை வீணாக்கக் கூடாதென்று தன் வயிற்றில் போட்டுக்கொள்ளும் அம்மாவுக்காக, வீட்டில் அளவாகச் சமைக்கலாம். காரணமின்றி எடை ஏறினால் தைராய்டையும், சாப்பிடும் மாத்திரைகளையும் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். இவை எதுவும் விளம்பரத்துக்கு உதவாது. வாழ்க்கைக்கு உதவும்.

உங்கள் வீட்டில் பருத்த ஒருவர் இருந்தால், இலையைப் பார்த்து வாயில் வரும் அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க, அந்தக் கோயில் வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். நாளைக்கும் கூப்பிடுங்கள்.