தேடாமல் விட்டவர்கள்

மூணாறு மலைமேலுள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கோட்டகுடிக்குக் கயிற்றுப்பாதையில் தேயிலை இறங்கிய கதையைக் குரங்கணிக்கு வருகிற யாருக்கும் நாங்கள் சொல்வோம். 1924 வெள்ளம் மூணாறு ரயில்பாதையை அடித்துப் போனதையும் சொல்வோம். அந்தக் கயிற்றுப்பாதையின் மிச்சங்களைப் புதருக்குள் தேடிப் போய்ப் படம் எடுத்திருக்கிறோம். போடி வட்டார வரலாறு எழுதுகிற நாங்கள், இதே மலையடியிலிருந்து ‘ஹோமுக்கு’, அதாவது காப்பு இல்லத்துக்கு, அனுப்பப்பட்ட பெண்களை ஒருநாளும் தேடியதில்லை.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த பெண் திடீரென்று கண்ணில் படாமல் போனால், “அவ கெட்டுப்போயிட்டா, ஹோம்ல விட்டாச்சு” என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். எந்த ஹோம், கொண்டுபோய் விட்டது யார், அவள் சம்மதித்தாளா, அவளை அந்த நிலைக்கு ஆளாக்கியவன் இப்போதும் தோட்டத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறானா? நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏலக்காய் விலை ஏறி இறங்கியதை வருடவாரியாகக் குறித்து வைத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட இல்லங்களின் வரலாற்றை நாங்கள் படிக்காமல் இல்லை. கட்டியவர்கள் பக்கம் நின்றே படித்தோம். விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்காக முத்துலட்சுமி ரெட்டி 1930ஐ ஒட்டி அவ்வை இல்லம் தொடங்கினார். அது பெரிய காரியம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எங்கள் கூட்டங்களில் ஒருவரும் கேட்டதில்லை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் முயற்சி 1920களின் கடைசியில் நடந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாளும் மற்ற தேவதாசிகளும் தங்கள் எதிர்ப்பை எழுத்திலேயே கொடுத்தார்கள். சரியோ தவறோ, அது அவர்களுடைய குரல். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்று நாகரத்தினம்மாளைக் கொண்டாடிய நாங்கள், அந்தக் குரலைத் தாண்டிப் போய்விட்டோம்.

லண்டனில் 1847இல் சார்லஸ் டிக்கன்ஸ், பணக்காரச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட் கூட்ஸின் பணத்தில் ‘யுரேனியா காட்டேஜ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார். சிறையிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்த இளம்பெண்களுக்கு அங்கே படிப்பும் வீட்டுவேலையும் கற்றுக்கொடுத்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். ஒவ்வொருத்தியின் கதையையும் டிக்கன்ஸ் கேட்டு ஒரு ஏட்டில் எழுதினார். அதன்பின் அதை வேறு யாரிடமும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏடு இன்று கிடைக்கவில்லை. அப்படியும் ஜென்னி ஹார்ட்லி என்ற பேராசிரியர் கடிதங்களையும் பழைய ஆவணங்களையும் துருவி, அந்தப் பெண்களில் சிலருடைய வாழ்க்கையை மீட்டு 2008இல் புத்தகமாக்கினார். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய தடத்தையே ஒருவரால் பிடிக்க முடிந்திருக்கிறது. எங்கள் பெண்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள்.

டப்ளினில் ‘கெட்டுப்போன’ பெண்களை அடைத்து வேலை வாங்கிய, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹை பார்க் சலவை இல்லத்தின் நிலத்தை விற்றபோது, 1993இல் அங்கே புதைத்திருந்த 155 பெண்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பலருடைய இறப்பு பதிவாகவே இல்லை. இத்தகைய சலவை இல்லங்களில் நடந்ததற்கு அயர்லாந்து பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2013 ஆனது. அதைப் பத்திரிகையில் படித்து நாங்கள் பதறினோம். பதற்றம் போடிமெட்டு வரைக்கும்கூட வரவில்லை.

இது பழங்கதையும் அல்ல. விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மீட்கப்பட்ட பெண்ணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். வயதுவந்த பெண்கள் விருப்பத்துக்கு மாறாக இந்த இல்லங்களில் அடைக்கப்பட்டிருக்கிறார்களா என்று கணக்கெடுத்து, அவர்களை விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது. அந்தக் கணக்கெடுப்பு நம் மாவட்டத்தில் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டிருக்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம்தான். போடவில்லை.

அந்த மனுவை இப்போது எழுதுகிறோம். அடுத்து, குரங்கணியிலும் கோட்டகுடியிலும் உள்ள வயதான அம்மாக்களிடம் போவோம். எங்கள் கூட்டத்துப் பெண்கள் மட்டும், ரெக்கார்டர் இல்லாமல். பேச வேண்டாம் என்பவரிடம் மறுபடி கேட்கப் போவதில்லை. பேசுகிறவர் தன் பெயரைப் போடச் சொன்னால் போடுவோம். அவர் சொல்வது எங்கள் வட்டார வரலாற்றில் ஏலக்காய் அத்தியாயத்துக்குள்ளேயே வரும். பின்னிணைப்பில் தள்ள மாட்டோம்.