வைரத் தோடு வேண்டாம், புத்தகம் வேண்டும்!

சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். மலைக்கு மேலே ஏலத் தோட்டங்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியே தோட்டங்களுக்குச் சென்று, செடியின் தூரடியில் குந்தியும் குனிந்தும் காயெடுத்து, பொழுது சாயத் திரும்புகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். எந்தக் காய் முற்றியது, எது பிஞ்சு என்று கை பட்ட மாத்திரத்தில் சொல்லக் கூடியவர்கள். அப்படியிருந்தும், "பொட்டப் பிள்ளைக்கு எதற்கு விஞ்ஞானப் படிப்பு?" என்று கேட்கும் ஆண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். கறை வேட்டி கட்டியவர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இதே ஏலமலையில், குமுளிக்கு அப்பால் உள்ள ஊர் பீர்மேடு. அங்கே 1918-இல் பிறந்தவர் அன்னா மாணி. தந்தை பொறியாளர், பெரிய ஏலத் தோட்டங்களுக்கு உடைமையாளர். பணத்துக்குப் பஞ்சமில்லாத வீடுதான். ஆனால் அந்த வீட்டிலும் ஆண்பிள்ளைகளை உத்தியோகத்துக்கும், பெண்பிள்ளைகளைக் கல்யாணத்துக்கும் என்றே வளர்த்தார்கள். எட்டாவது பிறந்தநாளில் பெண் குழந்தைக்கு வைரத் தோடு அணிவிப்பது குடும்ப வழக்கம். அன்னா தோட்டை மறுத்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்றார். பெரியார் சிறை புகுந்த வைக்கம் போராட்டம் முடிந்து ஓராண்டுகூட ஆகியிராத காலம் அது!

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். எதைப் பற்றி ஆராய்ச்சி? வைரத்தைப் பற்றி! காதில் அணிய மறுத்த வைரத்தை ஆய்வுக் கூடத்தில் வைத்து, அதில் ஒளி பாய்ந்தால் என்ன நேர்கிறது என்று ஆராய்ந்தார். ஒரு படம் பதியவே பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக் கூடத்திலேயே கழிந்தன. 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகளைத் தனியொருவராக எழுதி வெளியிட்டார்.

இத்தனைக்கும் கிடைத்த பரிசு என்ன? டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக் கழகத்திடம் கொடுத்தார். எம்.எஸ்ஸி. படிக்கவில்லை என்று காரணம் காட்டிப் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஏட்டில் குற்றம் கண்டார்களில்லை. காகிதம் ஒன்று குறைகிறதென்று கதவை அடைத்தார்கள்.

அன்னா மாணி ஓய்ந்துவிடவில்லை. 1945-இல் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி, புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரண வானிலைக் கருவிகளுக்கும் வெளிநாட்டை நம்பியிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைச் செம்மைப்படுத்தி, நம் நாட்டுப் பட்டறையிலேயே செய்ய வழி வகுத்தார். வெயிலின் வலுவை அளக்க நாடெங்கும் நிலையங்கள் அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்ற பின்னும், பல நூறு இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை முன்னின்று நடத்தினார். தேனி மாவட்டத்தில் இன்று சுழலும் காற்றாலைகளைப் பார்க்கிறோமே, இந்நாட்டில் அத்தொழிலுக்கு அடிப்படைக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர், நம் ஏலமலையில் பிறந்த இந்தப் பெண்மணி. 2001-இல் மறைந்தார்.

அவருக்கு முன்னரே அதே விஞ்ஞானக் கழகத்தின் கதவைத் தட்டியவர் பம்பாயைச் சேர்ந்த கமலா. பின்னாளில் கமலா சோஹனி. பெண் என்பதற்காகவே 1933-இல் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார், நோபல் பரிசு பெற்ற இராமன். கமலா விடவில்லை, வாதாடி, நிபந்தனைகளின் பேரில் உள்ளே சென்றார். 1939-இல் கேம்பிரிட்ஜில் உயிர் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பேரறிஞர் ஆனாலும், பெண்ணைப் பார்க்கும்போது கண்ணில் பழைய திரை விழுந்துவிடுகிறது!

வெள்ளைக்கார நாடுகள் மட்டும் ஒழுங்கா? நார்வே நாட்டின் எல்லன் கிளெடிட்ச், மருந்துக் கடையில் தொழில் பழகத் தொடங்கி, பாரிசில் மேரி கியூரியிடம் ரேடியம் ஆராய்ச்சி செய்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டுக்கு எழுதிக் கேட்டபோது, இந்த ஆய்வுக் கூடத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை என்று பதில் வந்தது. யேல் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். ரேடியம் பாதியாகத் தேய எத்தனை ஆண்டு ஆகும் என்று, இன்றைய கணக்கான 1,600 ஆண்டுகளை நெருங்க அளந்து காட்டினார். 1929-இல் ஆஸ்லோவில் பேராசிரியர் ஆனார். அப்போதும் எதிர்ப்புக் கிளம்பியது. அதே 1929-இல்தான் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

தோழர்களே! அன்னா மாணிக்குப் பெண் என்ற ஒரு தடைதான். புத்தகம் வாங்க அவர் வீட்டில் பணம் இருந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஏலத்திலிருந்து, ஏலத் தோட்டத்தில் குனிந்த முதுகுகளிலிருந்து. அந்த முதுகுகளுக்குப் பிறந்த பெண்பிள்ளைக்கு இரண்டு தடைகள்: பெண் என்பது ஒன்று, ஏழை என்பது மற்றொன்று. எத்தனை அன்னா மாணிகள் காயெடுக்கும் கூடையோடு முடிந்து போனார்களோ, கணக்கெடுத்தவர் யார்?

ஏழைமையின் தடையை உடைக்கும் கடமை அரசுக்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. போதும் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் கேட்போம், போராடுவோம். ஆனால் பெண் என்ற தடையை எந்த அரசாணை வந்து அகற்றும்? அது நம் வீட்டு வாசலில் அல்லவா நிற்கிறது!

காய் எடுப்புக் காலம் வந்ததென்று மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது யார்? பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை தேடுவது யார்? மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டில் மகனுக்குக் கல்லூரி, மகளுக்குக் கல்யாணம் என்று தீர்ப்புக் கூறுவது யார்? பீர்மேட்டுப் பணக்கார வீட்டில் நூறாண்டுகளுக்கு முன் இருந்த அதே வழக்கத்தை, உழைப்பாளி வீட்டில் நாம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்வோம். ஏலச் செடிக்கு அடிக்கும் மருந்தில் என்ன இருக்கிறது, காயெடுக்கும் கைக்கும் இழுக்கும் மூச்சுக்கும் அது என்ன செய்கிறது என்று எடுத்துச் சொல்ல, இரசாயனம் படித்த ஒரு பெண் நம் தெருவிலிருந்தே வந்தால், அவளைவிட நமக்கு உற்ற துணை யார்?

ஆகவே, கிளைதோறும் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். பள்ளி இறுதி முடித்த பெண்பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர், யார் மேலே படிக்கவில்லை, ஏன் படிக்கவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். முதலில் உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். மகளின் காதுக்குத் தோடு வாங்க மாதச் சீட்டுக் கட்டிவரும் தோழர், இந்த ஆண்டுச் சீட்டுப் பணத்தைக் கல்லூரிக் கட்டணமாகக் கட்டட்டும். தோடு பிறகு அவளே வாங்கிக்கொள்வாள், வேண்டுமென்று தோன்றினால்!