உம்மாவுக்குத் தந்த ஜன்னல் இருக்கை

 

மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு ஆகாய விமானத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கக்கூடும். சென்ற ஆண்டு என் உம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகருக்குச் சென்று வந்தேன். அங்கே பணிபுரியும் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்பது 68 வயதான உம்மாவின் ஆசை. ஆசை நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரு தவறு உம்மாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. பெற்றோரை உம்ராவுக்கும், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளிடமும் அனுப்பி வைக்கின்ற குடும்பங்கள் நம்மில் ஏராளம். ஆகவே, நான் பெற்ற பாடத்தை மறைக்காமல் உங்கள் முன் வைப்பது என் கடமை என எண்ணுகிறேன்.

பறக்கும் மாளிகை

சென்னையில் ஏறி, ஜெர்மனி நாட்டின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இறங்கினோம். அங்கிருந்து எங்களைச் சுமந்து செல்ல நின்றிருந்தது, 'ஜம்போ ஜெட்' என்று உலகமே அழைக்கும் போயிங் 747 விமானம். முதுகில் திமிலும் அதற்குள் ஒரு மாடியும் கொண்ட அந்தப் பெரும் பறவை முதன்முதலில் வானில் எழுந்தது 1969இல். அடுத்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 1971இல் ஏர் இந்தியாவிடம் வந்து சேர்ந்த இவ்வகை விமானங்கள், பின்னாட்களில் நம் ஹாஜிகள் பலரையும் ஜித்தாவுக்குச் சுமந்து சென்றன. இன்று அந்நிறுவனத்திடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. மொத்தம் 1,574 விமானங்களைக் கட்டிய தொழிற்சாலை, கடைசி விமானத்தை 2023 ஜனவரியில் விடைகொடுத்து அனுப்பிவிட்டது. உலகில் ஒரு சில நிறுவனங்களே இன்று இதில் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் மாளிகை. உள்ளே எகானமி வகுப்பில் நுழைந்தால், மூன்று, நான்கு, மூன்று என்று ஒரு வரிசைக்குப் பத்து இருக்கைகள். ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 17 அங்குலம். முன் இருக்கையின் முதுகிலிருந்து நம் இருக்கையின் முதுகு வரை சுமார் 31 அங்குலம். இந்த இடத்திற்குள் ஒரு மனிதர் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் இருந்து, உண்டு, உறங்கி, தொழுதாக வேண்டும்.

என் பாட்டனார் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சென்றவர். மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்ததையும், கடற்காற்றில் உலவியதையும், ஜமாஅத்தாக நின்று தொழுததையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஏழைப் பயணிக்கு நாட்கணக்கில் பயணம் நீண்டது. ஆனால், நடக்க இடமிருந்தது. நமக்கோ நேரம் சுருங்கியது. கூடவே இடமும் சுருங்கிவிட்டது.

ஒன்பது மணி நேரம்

மூவர் அமரும் வரிசை. உம்மா மேகங்களைப் பார்த்து மகிழட்டும் என்று ஜன்னலோர இருக்கையை அவர்களுக்குக் கொடுத்தேன். நடுவில் நான். நடைபாதை ஓரத்தில் வெண்தாடி வைத்த ஒரு முதியவர். கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருந்தார். எங்களைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைத்தார். சாப்பாடு முடிந்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்கிவிட்டார்.

விமானம் சூரியனைப் பின்தொடர்ந்து மேற்கே பறந்தது. ளுஹருடைய நேரம் முடிவில்லாமல் நீண்டுகொண்டே இருந்தது. உம்மா இருந்த இடத்திலேயே தொழுதார்கள். தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் ஒவ்வொரு முறையும் வேண்டாம் எனக் கையசைத்தார்கள்.

"கொஞ்சம் குடிங்களேன் உம்மா" என்றேன்.

"வேணாம் வாப்பா. குடிச்சா எழுந்திரிக்கணும். ஒளூவும் முறிஞ்சுபோகும். நல்லா உறங்குற மனுசரை எழுப்புறது பாவமில்லையா?"

நானும் வற்புறுத்தவில்லை. உம்மாவின் பேணுதலை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். நான் விழித்தபோது விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒளூ செய்து ஏறியவர்கள் சிகாகோவில்தான் எழுந்தார்கள். எழுந்தவுடன் கால் மரத்துத் தடுமாறி, முன் இருக்கையைப் பற்றிக்கொண்டார்கள். அந்த முதியவர்தான் பாய்ந்து தாங்கினார். உம்மா பயணம் முழுவதும் எழவே இல்லை என்பதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "என்னை எப்போது வேண்டுமானாலும் எழுப்பியிருக்கலாமே! எனக்கும் கால் நீட்ட ஒரு சாக்குக் கிடைத்திருக்குமே" என்று ஆங்கிலத்தில் வருந்திச் சொன்னார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. யாருக்குத் தொல்லை என்று அஞ்சி உம்மா ஒடுங்கிக் கிடந்தார்களோ, அவருக்கு அது தொல்லையே அல்ல! நாங்கள்தான் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் உம்மாவின் இடக்கால் கெண்டைச்சதை வீங்கிச் சிவந்தது. தொட்டால் வலித்தது. பயண அலுப்பு என்று தைலம் தேய்க்க நான் முற்பட்டபோது, தம்பியின் மனைவி, "தேய்க்காதீங்க மச்சான், முதல்ல டாக்டரைப் பார்ப்போம்" என்று தடுத்தார். அல்லாஹ் அந்தப் பெண்ணுக்கு நற்கூலி வழங்குவானாக! ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், காலின் ஆழ்நரம்பில் இரத்தம் உறைந்து கட்டியிருப்பதாகச் சொன்னார். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றிருந்தால் உயிருக்கே ஆபத்தாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகள் கொடுத்தார்கள். திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் கடனாளியாகாமல் தப்பினோம். உம்மா இன்று நலமாக இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் இப்படி நேர்கிறது?

நாம் நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து, காலிலுள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. மடக்கிய காலோடு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் அந்த வேலை நின்று, இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் சிலருக்கு உறைந்துவிடுகிறது. விமானத்திற்குள் காற்றழுத்தமும் குறைவு. ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பது போன்ற நிலை. காற்றோ மிகவும் வறண்டது. நாவும் தோலும் உலர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்கிறது. பீதியடைய வேண்டாம், இரு மடங்கான பிறகும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது நேர்கிறது. விமானத்தில் மட்டுமல்ல, அசையாமல் அமர்ந்து செல்லும் பேருந்து, ரயில், கார் பயணங்களிலும் நேரலாம். பருமனானவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், முன்பே இரத்தக்கட்டு ஏற்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மிக உயரமானவர்களோடு, 160 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்களையும் அந்த அறிக்கை சேர்த்துச் சொல்கிறது. இதைப் படித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது: உம்மாவின் பாதங்கள் அந்த ஒன்பது மணி நேரமும் தரையில் முழுமையாகப் படியவே இல்லை. இருக்கையின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்திலிருந்த மகன் அதைக் கவனிக்கவில்லை.

நான் சொல்லத் தவறியது

சகோதரர்களே! ஒளூவுடன் இருப்பதன் சிறப்பை நான் வீட்டில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மாணவர்களுக்கும் போதித்திருக்கிறேன். ஆனால், அந்தச் சிறப்புக்காகத் தாகத்தோடு உடலை வருத்திக்கொள்ளுமாறு மார்க்கம் ஏவவில்லை என்பதை உம்மாவிடம் நான் ஒருமுறையும் சொன்னதில்லை. சிறப்பைச் சொன்ன நாவு சலுகையைச் சொல்லத் தவறிவிட்டது. மார்க்கத்தைப் போதிக்கும் எங்களைப் போன்றோர் அடிக்கடி செய்யும் பிழை இது.

பயணிக்கு மார்க்கம் எத்தனை சலுகைகளைத் தந்திருக்கிறது! நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஒளூ முறிந்தால் முகத்தையும் கைகளையும் ஒருமுறை கழுவி, தலையில் மஸ்ஹு செய்து, கால்களைக் கழுவினால் கடமை நிறைவேறிவிடுகிறது. ஒரு சிறு பாட்டில் தண்ணீரே போதும். பணியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் பின்புறத்திலுள்ள திறந்த இடத்தில் நின்று தொழ அனுமதிப்பார்கள். அதற்கே வழியில்லாதபோது, நேரத்தின் கண்ணியத்திற்காக இருக்கையில் இயன்றபடி தொழுதுவிட்டு, இறங்கியபின் மீட்டித் தொழுவது பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் பயணத்திற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணிப் பாருங்கள்: ஒளூவுக்காக எழுந்து நடந்து, நின்று, குனிந்து, நிமிர்ந்து தொழுதிருந்தால் உம்மாவின் கால் அசைந்திருக்கும். பேணுதல் என்று நாங்கள் நினைத்தது உடலுக்கும் உதவவில்லை; தொழுகையின் முழுமைக்கும் உதவவில்லை.

பக்கத்திலிருக்கும் தோழர்

சூரத்துன் நிஸாவின் 36ஆம் வசனத்தில், பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டாரோடு, பக்கத்திலிருக்கும் தோழருக்கும் நன்மை செய்யுமாறு அல்லாஹ் கட்டளையிடுகின்றான். அந்தத் தோழர் வழிப்பயணத்தில் உடன் வருபவர் என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கம் தந்திருக்கிறார்கள். 17 அங்குல இருக்கையில் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பவரைவிட நெருங்கிய பயணத் தோழர் யார்? அவர் எம்மதத்தவராயினும் அவருக்கு நம்மீது ஹக்கு உண்டு. பின்னால் இருப்பவரைப் பார்த்துவிட்டு இருக்கையைச் சாய்ப்பதும், பிள்ளைகள் முன் இருக்கையை உதைக்காமல் பார்த்துக்கொள்வதும், ஒளூ செய்தபின் ஈரத்தைத் தாளால் துடைத்துவிட்டு வருவதும், எழ விரும்புபவருக்கு முகம் சுளிக்காமல் வழிவிடுவதும் அந்த ஹக்கில் சேர்ந்தவை.

ஆனால், ஹக்கு என்பது கொடுப்பது மட்டுமல்ல, தேவைப்படும்போது கேட்பதும்தான். நாம் கேட்காமலிருந்தால் அவர் செய்யக்கூடிய ஒரு நன்மையை அவருக்குக் கிடைக்காமல் தடுத்தவர்களாகிறோம். "கொஞ்சம் வழிவிடுங்கள்" என்று சொல்ல வெட்கப்படுவது அடக்கமாகாது. நம் வீட்டுப் பெண்களுக்கு, குறிப்பாக வயதான தாய்மார்களுக்கு, இதை நாம் வாய்விட்டுச் சொல்லித் தர வேண்டும்.

புறப்படும் முன்

வயதான பெற்றோருக்கு நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அருகில் நீங்கள் இருங்கள். பாதம் தரையில் படியாதவர்களுக்குக் கைப்பையைக் காலடியில் வைத்துப் பாதத்தைத் தாங்கச் செய்யுங்கள். அவ்வப்போது தண்ணீர் கொடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, பாதுகாப்புப் பட்டையைக் கழற்ற அனுமதியுள்ள நேரத்தில், எழுப்பி நடக்க வையுங்கள். அமர்ந்திருக்கும்போதும் குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறட்டும். இறுக்கமான மருத்துவக் காலுறையோ மாத்திரையோ அவர் சொன்னால் மட்டுமே. பயணத்திற்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறி நெஞ்சு வலித்தாலோ, ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சென்னையிலிருந்து ஜித்தாவுக்குச் செல்வதும் நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணமே என்பதை உம்ரா செல்வோர் மறந்துவிட வேண்டாம்.

ஊர் திரும்பும்போது உம்மாவை நடைபாதை ஓரத்தில் அமர்த்தினேன். அன்று எங்களோடு ஜன்னலோரத்தில் இருந்தவர் ஓர் இளைஞர். உம்மா நான்கு முறை எழுந்து நடந்தார்கள். மூன்று குவளை தண்ணீருக்கு மேல் குடித்தார்கள். நள்ளிரவில் அந்த இளைஞர் வெளியே செல்லத் தயங்குவதைப் பார்த்துவிட்டு, உறங்கிக்கொண்டிருந்த என்னைத் தட்டினார்கள்.

"எழுந்திரி வாப்பா. அந்தப் புள்ளைக்குப் போகணும் போல. பாவம், கேக்க வெக்கப்படுது."

நான் எழுந்து வழிவிட்டேன்.

பயணம் செய்வோரின் உடலையும் ஈமானையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமுடன் அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.