கழனிக்கும் சிப்காட்டுக்கும் ஒரே வண்டி

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டார விவசாயிகள் பலர் காலையில் மோட்டார் சைக்கிளில் உர மூட்டை ஏற்றி ஏரிக்கரை வழியே கழனிக்குச் செல்கின்றனர். பின்னர் அதே வண்டியில் நெடுஞ்சாலை வழியே சிப்காட் ஆலை வேலைக்கும் போகின்றனர். சேற்றில் வண்டி திணறினால், பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போடுவது வழக்கமாகி வருகிறது. இதில் அவசரம் கூடாது.

பயிற்சிக்கு வருவோரிடம் நான் முதலில் கேட்பது: வண்டி நிற்கும்போது எஞ்சின் அணைகிறதா, சக்கரம் வழுக்குகிறதா? வழுக்கினால் குறை டயரில். பல்சக்கரத்தை மாற்றிப் பயனில்லை. முதல் கியரிலும் எஞ்சின் அணைந்தால் மட்டுமே மாற்றம் தேவை.

உதாரணமாக, முன் பல்சக்கரத்தில் 14, பின்னதில் 42 பற்கள் எனில் விகிதம் 3. முன்னதை 13 ஆக்கினால் 3.23, இழுவை சுமார் 8 சதவீதம் கூடும். பின்னதை 45 ஆக்கினாலும் கிடைப்பது 3.21தான். முன் பல்சக்கரமோ விலை குறைவு. செயினையும் நீட்ட வேண்டியதில்லை.

ஆனால் இழுவை கூடினால் வேகம் குறையும். முன்பு மணிக்கு 60 கி.மீ. சென்ற அதே எஞ்சின் சுழற்சியில் இனி சுமார் 56 கி.மீ.தான். தார்ச்சாலையில் எஞ்சின் கூடுதலாக உழைக்கும்.

ஆகவே ஒரு பல்லுக்கு மேல் குறைக்க வேண்டாம். தினசரி ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை எனில் பழைய அமைப்பே போதும். மூட்டைகளை இரண்டு நடையாகக் கொண்டு செல்லுங்கள். செயின் தேய்ந்திருந்தால், செயினையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம்.