புலி வரலைன்னா காசைத் திருப்பித் தரணுமா?

"கார்பெட் போனோம், ரெண்டு சஃபாரி அடிச்சோம், ஒரு புலி கூட கண்ணுல படலை. சுத்த வேஸ்ட்!" ராம்நகர் போய்ட்டு வர்றவங்க கிட்ட இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஏங்க, அது காடா இல்ல சர்க்கஸ் கூடாரமா?

கணக்கையே பார்ப்போம். கார்பெட் புலிகள் காப்பகத்தோட பரப்பு சுமார் 1,288 சதுர கிலோமீட்டர். 2022 கணக்கெடுப்புப்படி அங்க 260 புலிகள். இந்தியாவுல வேற எந்தக் காப்பகத்துலயும் இவ்வளவு இல்லை. இருந்தும், சராசரியா 5 சதுர கிலோமீட்டருக்கு ஒரு புலிதான். அதுவும் ஆள் அரவம் கேட்டா ஒதுங்கற ஜீவன். நீங்க ஜீப்புல போற மூணு மணி நேரத்துல அது ரோட்டுக்கு வந்து போஸ் கொடுக்கணும்னு என்ன சட்டம்?

இந்த 'எப்படியாவது புலி பாக்கணும்'ங்கற வெறிக்குத் தீனி போடத்தான் பாக்ரோவில் புலி சஃபாரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கூண்டுப் புலியை வேலிக்குள்ள விட்டுக் காட்டற திட்டம். வெட்ட அனுமதி வாங்கினது 163 மரம். 6,000-க்கு மேல வெட்டினதா இந்திய வன அளவை நிறுவனம் சொல்லுச்சு. புலியைக் காட்டறதுக்காகப் புலியோட வீட்டையே இடிச்சிருக்காங்க! 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையா கண்டிச்சது.

அடுத்தது திக்குலி. கோசி ஆத்தங்கரை ஓரமா வரிசையா ரிசார்ட்டுகள். காப்பகத்துல இருந்து யானைகள் தண்ணி குடிக்க இறங்கறதும், ஆத்தைத் தாண்டி ராம்நகர் வனக் கோட்டத்துக்குப் போறதும் இந்தப் பக்கமாத்தான். அந்த வழியில சுவரு, வேலி, நீச்சல் குளம், கல்யாண சீசன்ல நடுராத்திரி வரைக்கும் டிஜே. யானை வழியை மறிச்சு நாம கட்டிட்டு, 'யானை ஊருக்குள்ள புகுந்துடுச்சு'ன்னு தலைப்புச் செய்தி வேற.

"டூரிஸ்ட் வரலைன்னா அந்த ஊர் ஜனங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2012 ஜூலையில உச்ச நீதிமன்றம் காப்பகங்களோட மையப்பகுதியில சுற்றுலாவுக்குத் தடை போட்டு, அக்டோபர்ல விதிமுறைகளோட விலக்கிக்கிச்சு. ஜீப் ஓட்டறவங்க, வழிகாட்டிகள் எல்லார் பிழைப்பும் இதுல இருக்குங்கறது உண்மைதான். ஆனா அவங்க பிழைப்புக்கு மூலதனமே அந்தக் காடுதானே? அதை அழிச்சிட்டு எதைக் காட்டிச் சம்பாதிக்கறது? நான் போகாதீங்கன்னு சொல்லலை. போற விதத்தை மாத்துங்கன்னுதான் சொல்றேன்.

சமவெளி முடிஞ்சு மலை ஆரம்பிக்கற இடத்துல இருக்கு ராம்நகர். கோசி இருக்கு, லிச்சித் தோப்புகள் இருக்கு. காட்டுக்குள்ள ராமகங்கை, முதலைகள், 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். சுமார் 30 கிலோமீட்டர்ல காலாடுங்கி. ஜிம் கார்பெட் குளிர்காலத்துல தங்கின வீடு இப்ப அருங்காட்சியகம். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பேர் வாங்கின அந்த மனுஷனே பிற்காலத்துல துப்பாக்கியை விட்டு கேமராவைத்தான் தூக்கினாரு. 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இங்க உருவாகவும் துணை நின்னாரு.

அதனால மக்களே, டிரைவரை "இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ"ன்னு நச்சரிக்காதீங்க. யானை வழியை மறிச்சு நிக்கற ரிசார்ட்டுல ரூம் போடாதீங்க. புலி தட்டுப்படலையா? அது உங்களைப் பார்த்திருக்கும், அந்த மட்டுல சந்தோஷப்பட்டுக்கோங்க :-)